எஞ்சின் கவர் போல்ட் மொக்கையாகிவிட்டதா? தலையை மட்டும் எடுங்கள்

பெல்ட்டை மாற்றவோ ரோலரைப் பார்க்கவோ ஸ்கூட்டரின் இடப்பக்கக் கவரைத் திறக்கிறீர்கள். மற்ற போல்ட்டெல்லாம் அசைந்து கொடுத்துவிட்டன, ஒன்று மட்டும் மசியவில்லை. இன்னொரு தம் கட்டித் திருகினால் ஸ்பேனர் வழுக்கும், தலையின் ஆறு முனையும் உருண்டுபோகும். அந்த இடத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள்.

கவர் போல்ட்டில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. போல்ட் திருகி ஏறும் மரை கவரில் இல்லை, கவருக்குப் பின்னால் எஞ்சின் கேஸில் இருக்கிறது. கவரில் இருப்பது வெறும் துளை. ஆகவே போல்ட்டின் தலை போய்விட்டால் கவர் கையோடு வந்துவிடும். மிச்சத் தண்டு கேஸிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதைப் பிடித்துத் திருகி எடுத்துவிடலாம். போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பாதி, தலைக்கு அடியில் உராய்வதற்கே செலவாகிறது. தலை போனால் அந்தப் பாதியும் போகும், போல்ட்டை இழுத்துப் பிடித்திருந்த விறைப்பும் போகும். இழுத்தும் அசையாத போல்ட், தலை போனபின் பிளேயருக்கே வருவதற்குக் காரணம் இதுதான்.

கேஸ் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரியத்தால்: போல்ட் முழுவதையும் துளைத்தே எடுக்கப் பார்ப்பது, ஒடிந்த போல்ட்டுக்குள் செருகித் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரைத் தேவையில்லாத இடத்தில் செருகுவது.

1. எது போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

தலை உருண்டு ஸ்பேனர் வழுக்குகிறதா? தலை நன்றாக இருந்து, போல்ட் சுற்றிச் சுற்றி வந்தும் வெளியே வரவில்லையா? அல்லது தலை ஒடிந்து கையோடு வந்துவிட்டதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

சுற்றிக்கொண்டே இருந்தால் போல்ட் மொக்கையாகவில்லை, கேஸில் இருக்கும் அலுமினிய மரை கழன்றுவிட்டது என்று பொருள். தலைக்கு அடியில் மெல்லிய ஸ்குரூடிரைவரைக் கொடுத்து லேசாக நெம்பிக்கொண்டே இடப்பக்கமாகச் சுற்றுங்கள். பெரும்பாலும் வந்துவிடும், அலுமினியச் சுருளும் கூடவே வரும். பிறகு நேராக 8ஆம் படிக்குப் போங்கள். தலை ஏற்கெனவே ஒடிந்திருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்துவிட்டது, 7ஆம் படியிலிருந்து தொடங்கலாம்.

2. எந்தப் பக்கக் கவர் என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும்

இடப்பக்கக் கவருக்குள் பெல்ட்டும் புல்லிகளும் இருக்கின்றன. அது ஆயில் இல்லாத அறை. இரும்புத் தூள் விழுந்தாலும் துடைத்து, காற்றடித்து எடுத்துவிடலாம். உள்ளே ஆயில் தெரிந்தால் ஏதோ ஒரு ஆயில் சீல் கசிகிறது. கவர் கையில் இருக்கும்போதே அதையும் மாற்றிவிடுவது நல்லது.

வலப்பக்கம் அப்படி இல்லை. அங்கே ஃபேனும், அதன் பின்னால் பட்டறையில் மேக்னெட் என்று சொல்லும் ஃப்ளைவீலும் இருக்கின்றன. துளைக்கும்போது பறக்கும் இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு காயிலை உரசும். அந்தப் பக்கம் டிரில் பிடிப்பதானால் சுற்றிலும் துணியும் டேப்பும் போட்டு அடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள கியர் ஆயில் அறையின் மூடியில் போல்ட் மாட்டிக்கொண்டால் வீட்டில் முயலாதீர்கள். உள்ளே விழும் தூளை முழுதாக எடுக்க அந்த அறையையே பிரிக்க வேண்டியிருக்கும்.

3. காகிதம், சாமான், செலவு

வண்டி வாரண்டியில் இருந்தால் டிரில்லைத் தொடாதீர்கள். நீங்கள் துளைத்த கேஸுக்கு வாரண்டி கேட்டு நிற்க முடியாது. சர்வீஸ் செய்து அதிக நாள் ஆகாத வண்டியில் போல்ட் மொக்கையாக இருப்பதைப் பார்த்தால் போட்டோ எடுத்து, கடைசி சர்வீஸ் பில்லோடு கொண்டுபோய்க் காட்டி, புது ஜாப் கார்டில் அதை எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது கவுண்டரைத் தாண்டாது.

புது போல்ட் வாங்கப் போகும்போது ஆர்.சி.யின் போட்டோவை போனில் வைத்திருங்கள். ஒரே பெயரில் வரும் வண்டியில் பி.எஸ்.4-க்கும் பி.எஸ்.6-க்கும் கவர், போல்ட் நீளம், கவருக்கும் கேஸுக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங் எல்லாம் மாறலாம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால்தான் ஸ்பேர் கவுண்டரில் சரியான பார்ட் நம்பரை எடுப்பார்கள்.

கைவசம் வேண்டியவை: ஆறு முனை 8, 10 சாக்கெட், 5/16 இன்ச் சாக்கெட் ஒன்று, சுத்தியல், சிறு உளி, சென்டர் பஞ்ச், பூட்டுப்போட்டுப் பிடிக்கும் கிரிப் பிளேயர், வேகத்தைக் குறைக்க முடிகிற டிரில், 3, 5, 6.5 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிட், ஹீட் கன், துரு இளக்கும் ஸ்ப்ரே. டிரில்லையும் ஹீட் கன்னையும் வாங்க வேண்டாம், தச்சரிடமோ எலக்ட்ரீஷியனிடமோ ஒருநாள் இரவல் கேளுங்கள். மிச்சத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகலாம். கம்பெனி போல்ட் ஒன்று பத்து, இருபது ரூபாய்தான். ஒன்று கெட்டுப்போனால் செட்டாகவே மாற்றிவிடுங்கள். பேக்கிங்கையும் கூடவே வாங்கிவிடுங்கள். பழையது கிழியாமல் வரும் என்று நம்பி உட்கார்ந்தால் மறுபடி கடைக்கு ஓட வேண்டும்.

நேரக் கணக்கு: மாலையில் எண்ணெய் விட்டு, காலையில் வேலை. மொக்கைப் போல்ட் ஒன்றுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் ஊருக்கு என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்கள் டிரில்லும் ஓடாது, லேத்தும் ஓடாது. ஆயுத பூஜையை ஒட்டி எந்தப் பட்டறையிலும் கருவியைத் தொடமாட்டார்கள்.

4. சுத்தம், எண்ணெய், சூடு

போல்ட் தலை மொக்கையாவதற்கு முதல் காரணம் பலமின்மை அல்ல, அழுக்கு. நம் காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் தூசி ஆயில் பிசுக்கோடு சேர்ந்து போல்ட் குழியில் கட்டியாகிவிடும். சாக்கெட் அடிவரை இறங்காமல் தலையின் மேல் விளிம்பை மட்டும் கவ்வும், திருகியதும் அந்த விளிம்பு உருண்டுவிடும். பழைய சைக்கிள் கம்பியால் குழியைச் சுற்றிச் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, தலையின் அடித்தட்டு பளிச்சென்று தெரியும்வரை எடுங்கள். சில போல்ட் இதற்கே மசிந்துவிடும்.

இரண்டாவது காரணம் அரிப்பு. இரும்பு போல்ட்டும் அலுமினியக் கேஸும் ஈரத்தில் ஒட்டி நின்றால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடிக்கு அலுமினியத்தைவிட அதிக இடம் வேண்டும், அதனால் மரைக்குள் ஆப்பு வைத்ததுபோல இறுகிக்கொள்ளும். ஊருணிக் கரையில் கழுவி, காயவிடாமல் நிறுத்தும் வண்டிகளில் இது வரும். தொண்டிப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றி வரும் வண்டிகளில் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி இன்னும் மோசமாக இருக்கும். அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருக்கிற காரைக்குடியில், நம் வண்டி போல்ட்டுக்குத் துளி கிரீஸ் வைக்கத்தான் ஆளில்லை.

மாலையில் ஸ்ப்ரேயை அடித்து, போல்ட் தலையில் சென்டர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் நேராக நாலைந்து தட்டு தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், கேஸின் காது (போல்ட் இறங்கும் புடைப்பு) விரிந்துவிடும். சிறு தட்டு போதும், பொடி உடைந்து எண்ணெய் உள்ளே இறங்கும். படுக்கப்போகும் முன் இன்னொரு முறை.

காலையில் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு ஹீட் கன். சூடு போக வேண்டியது கவருக்கு அல்ல, மரை இருக்கும் கேஸ் பகுதிக்கு. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும். மூன்று நான்கு நிமிடம் போதும். தண்ணீர்த் துளி விட்டால் சுருக்கென்று ஆவியாகும் அளவு. எரிவாயு டார்ச் வேண்டாம் என்றே சொல்வேன். அலுமினியம் உருகும் முன் இரும்பைப்போலச் சிவந்து காட்டாது. பக்கத்திலேயே கிராங்க் ஆயில் சீலும் ரப்பர் குழாய்களும் இருக்கின்றன. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில், உங்கள் தலைக்குப் பக்கத்தில்தான். பெட்ரோல் வாடை வந்தால் ஹீட் கன்னும் கூடாது, அதன் கம்பிச் சுருளே தீ வைக்கும்.

5. தலையைப் பிடிக்க ஒரு முயற்சி

பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரை ஒதுக்கிவையுங்கள், அது முனையை மட்டும் கவ்வும். ஆறு முனை சாக்கெட் தட்டையான பக்கத்தைக் கவ்வும். அதுவும் வழுக்கினால் 8 தலைக்கு (8 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும் தலை) 5/16 இன்ச் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். அதன் அளவு 7.94 மி.மீ., உருண்ட தலையிலும் இறுக்கமாக உட்காரும். 10 தலைக்கு 3/8 இன்ச், அதாவது 9.5 மி.மீ. இதற்கு நல்ல சாக்கெட்டைப் பாழாக்காமல் மலிவானதாக ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஆலன் போல்ட்டில் 5 மி.மீ. குழி உருண்டிருந்தால் டி30 டார்க்ஸ் (ஆறுமுனை நட்சத்திர) பிட்டை அடித்து இறக்கலாம். ஃபேன் கவரில் வரும், தலையில் கூட்டல் குறி வெட்டு உள்ள ஸ்டார் ஸ்குரூவுக்கு இம்பாக்ட் டிரைவர்தான் சரி.

திருகும்போது ஒரே பக்கமாக இழுக்காதீர்கள். முதலில் வலப்பக்கம் இம்மியளவு இறுக்கி, பிறகு இடப்பக்கம். தலை வெளியே தெரிகிற இடத்தில் இருந்தால் கிரிப் பிளேயர். இல்லையென்றால் உளியால் தலையின் அடித்தட்டில் ஒரு வெட்டு வைத்து, உளியைச் சாய்த்து இடப்பக்கமாகத் தட்டலாம்.

இத்தனையும் ஒரு சுற்றுதான். எதுவும் அசையவில்லையென்றால் மறுபடி மறுபடி முயன்று குழியைச் சிதைக்காமல் அடுத்த படிக்குப் போங்கள்.

6. தலையை எடுப்பது

மற்ற போல்ட்களில் எதிரெதிரே இரண்டையாவது மாட்டியே வையுங்கள். கவர் ஆடினால் பிட் ஒடியும்.

வேலை முழுவதும் சென்டர் பஞ்சில் இருக்கிறது. தலையில் எழுத்தோ மேடோ இருந்தால் அரத்தால் சமன் செய்து, சரியாக நடுவில் பஞ்ச் அடியுங்கள். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து, நடு தவறியிருந்தால் பஞ்சைச் சாய்த்து அடித்து நகர்த்திக்கொள்ளலாம். நடு ஒரு மில்லி தள்ளிப்போனால் கடைசியில் பிட் தண்டை விட்டு விலகிக் கவரைத் தின்னும்.

பிட்டில் முனையிலிருந்து 6 மி.மீ. அளந்து டேப் சுற்றுங்கள். 8 தலையின் உயரம் அடித்தட்டோடு சேர்த்து ஏறத்தாழ அவ்வளவுதான். கடையில் வாங்கிய புது போல்ட்டின் தலையை அளந்து பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை. முதலில் 3 மி.மீ., பிறகு 5, கடைசியில் 6.5. டிரில்லை மெதுவாக ஓட்டி, நன்றாக அழுத்தி, இடையிடையே ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். சுருளாக வந்தால் வெட்டுகிறது. தூளாக வந்து நீலம் பாய்ந்தால் வேகம் அதிகம், பிட் மழுங்குகிறது. கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள்.

6.5 பிட் ஏன் என்றால் போல்ட்டின் தண்டு 6 மி.மீ. தலையும் தண்டும் சேரும் இடத்தை அந்த பிட் முழுதாக எடுத்துவிடும். டேப் அளவு நெருங்கும்போது தலை வளையமாகக் கழன்று பிட்டோடு சேர்ந்து சுற்றும். அதோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் துளைத்தால் பிறகு பிடிக்க வேண்டிய தண்டைத்தான் தின்கிறீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கவாட்டில் உளியால் ஒரு தட்டு.

இடப்பக்கம் சுற்றி வெட்டும் பிட் கிடைத்தால் அதையே போடுங்கள். துளைக்கும்போதே போல்ட் சுற்றி வெளியே வந்துவிடுவதும் உண்டு.

7. கவரை எடுத்து, தண்டைக் கழற்றுவது

மிச்சப் போல்ட்களைக் கழற்றும்போது ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்தப் போல்ட் எந்த இடமோ அதே இடத்தில் குத்திவையுங்கள். நீளம் ஒன்றுபோல இருக்காது. இதை விட்டால் அடுத்த மொக்கைக்கு நீங்களே அச்சாரம் போட்டதாகிவிடும்.

கவர் வரவில்லையென்றால் இணைப்பில் ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நெம்பாதீர்கள். அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அந்த வழியே தூசியும் தண்ணீரும் போகும். கவரை இடம்பிடித்து நிறுத்தும் டவல் பின்னும், தலை போன தண்டும் கவர் துளையில் அரித்துப் பிடித்திருக்கும். துளைக்குள் எண்ணெய் விட்டு, மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி, மெல்ல ஆட்டி ஆட்டி இழுங்கள். கிக்கர் கியர் கவருக்குள்ளேயே இருக்கும் மாடலில் கவரை எடுத்ததும் அந்தக் கியர் நழுவிக் கீழே விழும். எந்தப் பக்கம் எப்படி நின்றது என்று முதலிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தண்டு வெளியே நிற்கும். கேஸை ஒட்டிய இடத்தில் கிரிப் பிளேயரை இறுகப் பூட்டி, சூடு காட்டி, முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இரண்டு நட்டை ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கித் திருகும் வழியைச் சிலர் சொல்வார்கள். வெளியே தெரியும் பகுதியில் மரை இருந்தால்தான் அது ஆகும். நீளமான கவர் போல்ட்டில் அந்தப் பகுதி மொழுமொழுவென்று இருக்கும்.

தண்டும் கேஸ் மட்டத்தோடு ஒடிந்துவிட்டதா? ஆர்வம் இங்கே நின்றுவிட வேண்டும். எக்ஸ்ட்ராக்டர் கடினமான எஃகு, முறுக்கினால் வளையாது, முறியும். 6 மி.மீ. போல்ட்டுக்குள் போகும் அளவு சின்ன எக்ஸ்ட்ராக்டர் பென்சில் முனை மாதிரி. உள்ளே முறிந்துவிட்டால் சாதாரண பிட் அதைத் தொடாது, கேஸையே இறக்கி எடுத்துப்போக வேண்டியதாகும். அதற்குப் பதில் வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கிரில் பட்டறைகள் இருக்கின்றன, புதுவயலில் அரிசி ஆலைகளுக்காகவே வேலை பார்க்கும் லேத், வெல்டிங் ஆட்கள் கிடைப்பார்கள். ஒடிந்த தண்டின் மேல் 6 மி.மீ. நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் வெல்டிங் அடித்து, சூடு தணிந்ததும் ஸ்பேனரால் திருகினால் வரும். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, ஆகவே கேஸுக்குப் பயமில்லை. ஆனால் வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், பி.எஸ்.6 வண்டியானால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இ.சி.யு.வின் கப்ளரையும் பிடுங்கிவிடுங்கள். பெட்ரோல் டேங்க் உள்ள வண்டி என்பதை வெல்டருக்கு நீங்களே நினைவுபடுத்துங்கள்.

8. மரை போயிருந்தால்

மரை அழுக்கேறியிருந்தால் எம்6, 1.0 பிட்ச் மரை வெட்டும் டேப்பைக் கையால் மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பிறகு காற்றடித்து விடுங்கள். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருக்கையில் போல்ட்டை ஏற்றினால் எண்ணெய் நசுங்க வழியின்றிக் கேஸ் வெடிப்பு விடும்.

மரை முழுதும் போயிருந்தால் சில பட்டறைகளில் "எட்டு போல்ட் போட்டுரலாம், அண்ணே" என்பார்கள். வேண்டாம். 8 மி.மீ. மரைக்கு 6.8 மி.மீ. துளை வேண்டும், கேஸின் காது மெலியும், கவரின் துளையையும் பெரிதாக்க வேண்டும். அதுவும் போனால் அடுத்துப் போக இடமில்லை. நீங்கள் கேட்க வேண்டியது இப்படி: "அண்ணே, எம் ஆறு, ஒன்னு பிட்ச்சுல ஹெலிகாயில் போட்டுக் குடுங்க." 6.3 மி.மீ.யில் துளைத்து, அதற்கென்ற தனி டேப் ஓட்டி, எஃகுச் சுருளைத் திருகி இறக்குவார்கள். சுருளின் மேல்முனை கேஸ் மட்டத்துக்குக் கால், அரைச் சுற்று கீழே இருக்க வேண்டும், அடியில் உள்ள வால் துண்டை உடைத்து வெளியே எடுத்திருக்க வேண்டும். இரண்டையும் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். பழைய அளவு போல்ட்டே போடலாம், முன்னிலும் உறுதி. கூலி பட்டறைக்குப் பட்டறை மாறும். வண்டியோடு போனால் ஒரு கூலி, கேஸை இறக்கிக் கொடுத்தால் ஒரு கூலி. துளைக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

9. திரும்ப மாட்டுவது

ஹார்டுவேர் கடையில் "எட்டாம் நம்பர் போல்ட்" என்று கேட்காதீர்கள். எட்டாம் நம்பர் என்பது ஸ்பேனர் அளவு. 5 மி.மீ. போல்ட்டுக்கும் சாதாரணமாக 8 தலைதான் வரும், அதைக் கொண்டுவந்து 6 மி.மீ. துளையில் போட்டால் ஆடும். 8 மி.மீ. என்றால் தடித்த போல்ட் தருவார்கள். பழைய போல்ட்டையே காட்டி, தலை, தடிமன், நீளம் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். கடையில் கிடைக்கும் 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 தலை இருக்கும், குழிக்குள் சாக்கெட் நுழையாது. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் துருப்பிடிக்காது என்பது உண்மை, ஆனால் பக்கத்தில் உள்ள அலுமினியத்தை அது சாதா இரும்பைவிட அதிகமாக அரிக்கவைக்கும். கம்பெனி போல்ட் போதும்.

நீளம் குறைந்தால் மரையில் ஏழெட்டுச் சுற்றுக்கூடப் பிடிக்காமல் இழுத்துக்கொண்டு வரும். அலுமினியத்தில் 9 மி.மீ.யாவது உள்ளே போக வேண்டும். நீளம் கூடினால் அடியில் முட்டி நிற்கும். கைக்கு இறுக்கமாகத் தெரியும், ஆனால் கவரை அழுத்தியிருக்காது. போல்ட்டைக் கவரில் நுழைத்து, பின்பக்கம் எவ்வளவு நீட்டுகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மரையின் நுனியில் மட்டும் காப்பர் கிரீஸ் லேசாகத் தடவி, எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றுங்கள். விரலுக்கு மூன்று சுற்று இறங்காதது கோணல் மரை, கழற்றி மறுபடி போடுங்கள். பிறகு எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்கம். 6 மி.மீ. போல்ட்டில் 8 தலைக்கு 10 நியூட்டன் மீட்டர், 10 தலைக்கு 12 என்பது ஹோண்டா வண்டிகளுக்கான பொது அளவு. உங்கள் வண்டிக்குச் சர்வீஸ் மேனுவலில் தனியாகச் சொல்லியிருந்தால் அதுவே செல்லும். கிரீஸ் போட்டிருந்தால் சற்றுக் குறைத்து வையுங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாவிட்டால் நீளக் கைப்பிடி டி ஸ்பேனரை விட்டுவிட்டு, ஒரு சாண் நீளமுள்ள ராட்செட்டின் தலைக்குப் பக்கத்தில், நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்து இறுக்குங்கள். அங்கே பத்துக் கிலோ இழுப்பதுதான் ஏறத்தாழ அந்த அளவு. அதற்குமேல் 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றினால் கையை எடுத்துவிடுங்கள்.

பின் பிரேக் கேபிளைப் பிடிக்கும் கிளாம்ப், ஏர் ஃபில்டர் பெட்டியின் போல்ட், காற்றுக் குழாயின் பட்டை இந்த மூன்றும்தான் வழக்கமாக மறந்துபோகும். வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் கிக்கரைக் கையால் அழுத்தி, தானாக மேலே திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் உள்ளே கியர் சரியாக உட்காரவில்லை, கவரை மறுபடி இறக்க வேண்டும்.